சீக்கிரம் கூப்பிட வேண்டாம்

கடிகாரம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. வேண்டுமென்றேதான் பிருந்தா அந்த நாற்காலியைப் பிடித்தாள். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் இருந்தது, ஜன்னலோரத்தில் இருந்தது, அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பக்கக் கைப்பிடி உடைந்த இந்த ஓர நாற்காலி. இதில் உட்கார்ந்தால் சுவர்க்கடிகாரம் கண்ணில் படாது. கைபேசியையும் பைக்குள் கவிழ்த்துப் போட்டாயிற்று. மணி தெரிந்தால் கணக்குப் போடத் தோன்றும், கணக்குப் போட்டால் இவ்வளவுதான் ஆகியிருக்கிறதா என்று மறுபடி மறுபடி பார்க்கச் சொல்லும். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு மேலிருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியை அண்ணாந்து பார்த்து எப்போது கூப்பிடுவார்கள், எப்போது கூப்பிடுவார்கள் என்று கிடக்க, இவள் ஒருத்தி மட்டும் கூப்பிடாதே, கூப்பிட்டுத் தொலைக்காதே என்று அதே பெட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். காலையில் அந்தச் சின்ன டாக்டர் சொன்னது அப்படி. பெரிய டாக்டருக்குக் கீழே படிக்கிறவர், அவளைவிட வயது குறைவாகத்தான் இருக்கும், சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார். "முதல்ல சின்னதா ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பாப்போம்மா. லிவர் எப்படி இருக்குன்னு நேர்ல பாத்தாத்தான் தெரியும். ரொம்பச் சுருங்கியிருந்தா, சுத்தி ரத்தக்குழாயெல்லாம் புடைச்சிருந்தா, கணையத்துல கை வைக்க முடியாது. வெச்சா அங்கயே..." அங்கயே என்னவென்று சொல்லவில்லை. "அதனால மூடிட்டு வந்துருவோம். சீக்கிரம் கூப்பிட்டா அதுதான்னு வெச்சுக்குங்க. லேட்டானா நல்லது. லேட்டாக லேட்டாக நல்லது." லேட்டாக லேட்டாக நல்லது. திண்டுக்கல் கான்வென்ட்டில் படித்து வளர்ந்தவளிடம் போய் இதைச் சொல்கிறார். மணி அடித்து கேட்டைச் சாத்திய பிறகு வருகிற பிள்ளைகளை மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் சரளைக்கல்லில் முட்டி போட வைப்பார் சிஸ்டர் ஜெசிந்தா. லேட் என்பது பாவம், பொய்க்கும் திருட்டுக்கும் நடுவில் எங்கேயோ வருகிற பாவம். முட்டியில் பதிந்த கல்லின் தடத்தைத் தடவிக்கொண்டே வகுப்புக்குப் போவார்கள். இன்றைக்கு அதே மாதாவிடம் லேட்டாக்கு, இன்னும் லேட்டாக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கிறாள். கான்வென்ட்டில் தினமும் சொன்ன மாதா ஜெபம் அவளுக்குத் தன் வீட்டுச் சாமியின் போற்றியைவிட நன்றாக வரும், அர்த்தம் தெரியாத வயதிலேயே வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அதன் கடைசி வரியில் மரண நேரம் வருகிறது. அங்கே வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. இந்தக் கதவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லைச் சொல்வதா, வேண்டாம், விழுங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம், மறுபடி விழுங்கல். முடிக்காத ஜெபம் மேலே போகுமா, இல்லை பாதிப் படிக்கட்டில் நின்று இளைக்குமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

கரகர என்று பெட்டி இருமியது. யாரையும் கூப்பிடுவதற்கு முன் அது ஒரு தரம் தொண்டையைச் செருமும். அந்தக் கரகரப்புக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் பிருந்தாவின் உயிர் தங்கியிருந்தது. "சகுந்தலா அட்டெண்டர், ஓ.டி. வாசலுக்கு வரவும்." சகுந்தலாவுக்குத் துணையாக வந்த யாரோ ஓடினார்கள். போகட்டும், சகுந்தலா நன்றாக இருக்கட்டும். மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவள் கணவன் பூபதியின் அரைஞாண் கயிறு. சிவப்பு நூல், வியர்வையில் கருத்து, நடுவில் சின்ன வெள்ளித் தாயத்து. காலையில் தள்ளுவண்டியில் அவனை உள்ளே கொண்டுபோன பிறகு நர்ஸ் ஒருத்தி வந்து கையில் திணித்துவிட்டுப் போனாள், கூடவே மோதிரமும். மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டாள், கட்டைவிரலுக்குத்தான் நின்றது. கயிற்றை என்ன செய்வது? இரண்டு முனையும் சுத்தமாக, கத்தரியால் வெட்டின வெட்டு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரூரிலிருந்து மாமியார் கூப்பிட்டார். சௌக்கியமா, உள்ளே போய்விட்டானா, குழந்தை தனு பால் குடித்துவிட்டாள் என்பதெல்லாம் பிறகு, முதல் கேள்வியே, "கண்ணு, அரணாக்கவுறு அவுத்தாங்களா, அறுத்தாங்களா?" அறுப்பது எப்போது என்று இருவருக்கும் தெரியும். குளிப்பாட்டிக் கிடத்தின பிறகு அறுப்பது. உயிரோடு இருக்கிற ஆம்பிளையின் இடுப்பில் பழையது இருக்கும்போதே புதியதைக் கட்டிவிட்டுத்தான் பழையதை எடுப்பார்கள், ஒரு நொடிகூட வெறும் இடுப்பாக விடமாட்டார்கள். "அவுத்தாங்க அத்தை," என்றாள் பிருந்தா. வாய் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. "செரி கண்ணு," என்றார் அத்தை. அந்தச் செரிக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் இருந்ததா, இல்லை சிக்னல்தான் விட்டுவிட்டு வந்ததா. இதையெல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. பயாலஜி படித்தவள், கயிறு கயிறுதான். நம்பாத விஷயத்துக்கு ஏன் பொய் சொன்னாள்? வெட்டுப்பட்ட முனைகளை உறைக்குள்ளேயே ஒன்றோடொன்று தொடும்படி நகர்த்தி வைத்தாள். கொஞ்சம் அசைந்தால் விலகிவிடுகிறது. விலகினால் மறுபடி விரலால் நகர்த்துவது. அதற்காகவே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கணையம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ செரிமான மண்டலம் வரையச் சொன்னார்கள். வாய், உணவுக்குழாய், சுரைக்காயைச் சாய்த்து வைத்த மாதிரி இரைப்பை, அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வேப்பிலை. மஞ்சள் பென்சிலால் அதற்கு அழகாக வண்ணம் அடித்தாள், அம்புக்குறி போட்டுப் பெயர் எழுத மட்டும் விட்டுப்போயிற்று. சிஸ்டர் ஜெசிந்தா அரை மார்க் குறைத்துவிட்டு, "நீ அதுக்குப் பேர் வைக்கலைன்னா அது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எல்லாரும் அப்படித்தான் இருந்துவிட்டார்கள் சிஸ்டர். பூபதியின் கண் மஞ்சளானபோது யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. முதலில் பார்த்தது தனு. மூன்றரை வயசு. பிருந்தா தினமும் காலையில் அவள் இமையை விரித்துப் பார்ப்பாள், காரணம் இருந்தது, அந்தப் பயத்தைப் பற்றிப் பிறகு. குழந்தை அதை ஒரு விளையாட்டு என்று நினைத்து பொம்மைக்குப் பார்ப்பாள், பூனைக்குப் பார்ப்பாள், ஒரு நாள் அப்பாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "அப்பா கண்ணுல மஞ்சக் கலர் அடிச்சிருக்கு," என்றாள். பூபதி சிரித்தான். ஏற்கெனவே கல்லீரல் சரியில்லாதவன், சிரோசிஸ் என்று எழுதிக்கொடுத்து மாத்திரை சாப்பிடுகிறவன், அவன் கண் மஞ்சளானால் வேறென்ன, கல்லீரல்தான். கரூர் டாக்டரும் அதைத்தான் சொன்னார். அத்தை அதற்கும் மேலே, வாய்க்கால் வரப்பில் தேடிக் கீழாநெல்லி பிடுங்கிவந்து அரைத்து மோரில் கலக்கி, உப்பில்லாத சோறு, எண்ணெய் இல்லாத குழம்பு. பூபதி முகத்தைச் சுளிக்காமல் குடித்தான். அம்மா கையால் கொடுத்தால் விஷத்தையும் அப்படித்தான் குடிப்பான். அப்புறம் அரிப்பு. உடம்பு முழுக்க, உள்ளங்கால் முதல், தூங்க விடாமல். இருட்டில் சரக் சரக் என்று அவன் சொறிகிற சத்தம், தறியில் நூல் ஓடுகிற மாதிரி. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள், ஈரத்துணியால் ஒற்றினாள், அவன் சுவரில் முதுகைத் தேய்த்தான், ஒரு மாட்டைப் போல. மோர் நின்றதா, மஞ்சள் நின்றதா, எதுவும் நிற்கவில்லை. கோயம்புத்தூர் வந்து ஸ்கேன் எடுத்தபோதுதான் அந்த வேப்பிலைக்குப் பெயர் கிடைத்தது. எல்லாரும் முன்னால் நின்ற கல்லீரலையே பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒளிந்திருந்த கணையத்தில் ஒரு கட்டி பித்தக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. முதலில் அந்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் குழலை வைத்து மஞ்சளை வடித்தார்கள். வெட்டி எடுக்கிற கட்டத்தில்தான் இருக்கிறது என்றார் பெரிய டாக்டர், அவர் முகம் அப்போது கொஞ்சம் மலர்ந்தது. பிறகு பழைய ஃபைலைப் புரட்டினார், மலர்ந்தது வாடியது. கணையத்தை வெட்டலாம். வெட்டினதைக் கல்லீரல் தாங்க வேண்டும். வீட்டில் திருடனைப் பிடிக்கலாம், ஆனால் தூண் ஆடுகிறதே என்கிற மாதிரி அவர் கையை ஆட்டிக் காட்டினார்.

"ஏனுங் கண்ணு, உம்பட ஊட்டுக்காரர இன்னும் கூப்புடலீங்களா?" பக்கத்து நாற்காலி அம்மாள். பொள்ளாச்சிப் பக்கம், மகனுக்குப் பித்தப்பையில் கல். காலையில் வந்ததிலிருந்து மடியில் ஒரு டப்பா முறுக்கை வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிருந்தா இல்லை என்று தலையாட்டினாள். "அட கெரகமே. எம்பட பையன் உனக்கு அப்பறந்தான் போனான், கல்ல எடுத்தாச்சாம், கண்ணு முழிச்சுட்டானாம். கேட்டயா, முழிச்சதும் மொதல் கேள்வி, போன் எங்கன்னு. என்னைக் கேக்கல. போன் எங்க." முறுக்கு டப்பா திறந்து மூடியது. "நீ கவலப்படாத. கூப்புடுவாங்க. இதா இப்பக் கூப்புடுவாங்க பாரு." நல்ல வார்த்தை சொல்கிறவரிடம் போய் என்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது. "கூட ஆம்பளையாளு ஆரும் வல்லியா?" "மச்சாண்டார் வந்தாருங்க. கடையைப் பாத்துட்டு சாயங்காலம் வர்றேன்னு போயிருக்காரு." "அதென்ன கடை, தம்பி உள்ள கெடக்கைல?" அதென்ன கடை. பிருந்தா சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்துவைத்தாள். பூபதியின் அண்ணன் செல்வராசு மாமா கெட்டவர் இல்லை. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டார், ரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவந்தார், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகும்போது சொன்ன வார்த்தைதான் இன்னும் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. "குடிக்காதவனுக்கு லிவரு கெடுமாம்மா? சொன்னா எவன் நம்புவான்? எங்கிட்டயாச்சும் உண்மையச் சொல்லியிருக்கலாம்." பொள்ளாச்சியம்மாள் கூடக் கேட்டுவிடுவார், இப்போது கேட்பார், தண்ணி போடுவாரா என்று. எல்லாரும் கேட்பார்கள். ரத்தம் எடுக்கிற பெண் கேட்டாள், ஆட்டோக்காரர் கேட்டார், அவளுடைய சொந்த அண்ணன் போனில் கேட்டுவிட்டு, கேட்டதற்குப் பிறகு வரவே இல்லை. ஆனால் பொள்ளாச்சியம்மாளை அதற்குள் பெட்டி கூப்பிட்டுவிட்டது, மகனை வார்டுக்கு மாற்றுகிறார்கள் என்று. முறுக்கு டப்பாவோடு எழுந்தார், துணிப்பையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, "கண்ணு இதப் பாத்துக்க, வந்தர்றன்." ஓடினார். அவர் இருந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்தது. யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய சுவர் என்று அவர் போன பிறகுதான் தெரிந்தது.

குடிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் சிநேகிதர்கள் ஒரு கிளாஸில் ஊற்றி நீட்டியபோது முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மண்ணெண்ணெய்டா" என்று சொன்ன மனுஷன். கொசுவலைக் கம்பெனியில் சூப்பர்வைசர், அவன் வேலை வலையை விளக்குக்கு எதிரில் விரித்துப் பிடித்து எங்கே இழை விட்டிருக்கிறது என்று பார்ப்பது. அந்தக் கம்பெனியில் ரத்த தான முகாம் நடந்தது, பூபதியின் ரத்தத்தை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். அப்படித்தான் தெரிந்தது. காமாலைக் கிருமி, பி என்று ஒரு எழுத்து. வெகு நாளாக உள்ளே இருந்துகொண்டு கல்லீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கியிருக்கிறது. ஈரோட்டு டாக்டர், பெண் டாக்டர், நிதானமாகச் சொன்னார். "பொறக்கும்போதே அம்மாகிட்டயிருந்து வந்திருக்கலாம். நெறையப் பேருக்கு அப்படித்தான். அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது." பிருந்தாவுக்கு இல்லை. தனுவுக்கும் இல்லை, பிறந்த அன்றே போட்ட ஊசி காப்பாற்றியிருக்கிறது. இல்லை என்று தாளில் அச்சடித்துக் கொடுத்தாலும் இமையை விரித்துப் பார்க்கிற கையை நிறுத்த முடியவில்லை, அதுதான் அந்தப் பயம். அத்தைக்குச் சுகர் டெஸ்ட் என்று சொல்லி ரத்தம் எடுத்தார்கள். அவருக்கும் அந்தக் கிருமி இருந்தது. அவரை ஒன்றும் செய்யாமல், பாயைச் சுருட்டி மூலையில் வைத்த மாதிரி, சும்மா இருந்தது. மருந்து வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள், அதனால் அத்தைக்கு அவ்வப்போது சுகர் டெஸ்ட். அந்த முடிவை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பூபதி சொன்னான், "அம்மாகிட்ட சொல்லக் கூடாது. நான் குடிச்சேன்னே இருக்கட்டும்." "ஏங்க, ஊரே பேசுமே." "பேசட்டும். குடிச்சுக் கெட்ட மகனைத் திட்டிட்டு சோறு போடுவா. தான் குடுத்துதான்னு தெரிஞ்சா அவ சோறு திங்கமாட்டா." அவ்வளவுதான். கடலை வாங்கினான், தின்றான். அன்றிலிருந்து அவன் குடிகாரன், அவள் குடிகாரன் பெண்டாட்டி. கல்யாண வீடுகளில் பந்தியில் பக்கத்து இலைக்காரி பரிதாபமாகப் பார்ப்பாள். இல்லை என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை தொண்டையில் வந்து நிற்கும், அந்த ஜெபத்தின் கடைசி வரி நிற்கிற அதே இடத்தில். விழுங்கி விழுங்கி அந்த இடமே தடித்துவிட்டது. சில சமயம் அத்தைமேல் கோபம் வரும். சோறு பிசைந்து தனுவுக்கு ஊட்டும்போது, அந்தக் கை. அந்தக் கை ஒன்றும் செய்யாது, சோற்றில் வராது, தொட்டால் வராது என்று அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். தெரிந்தும் ஒரு நொடி அந்தக் கையைத் தட்டிவிடத் தோன்றும். தோன்றியதற்காக அன்று முழுக்க அத்தைக்குக் காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை கூடப் போடுவாள், சுகர் டெஸ்ட் நினைவு வந்து பாதியில் கையை இழுத்துக்கொள்வாள், பிறகு, ஐயோ சுகரே இல்லையே என்று மறுபடி போடுவாள்.

கீழே கேண்டீனிலிருந்து வாசனை ஏறிவந்தது. காலையில் தோசை, அதற்குப் பிறகு வெங்காயம் வதங்கியது, இப்போது சாம்பாரா, இல்லை அது எப்போதோ வந்து போய்விட்டதா. கண்ணை மூடினால் மூக்கு கடிகாரமாகிவிடுகிறது, அதையும் முந்தானையால் மூடிக்கொண்டாள். உள்ளே இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள். கேமரா விட்டுப் பார்த்தாயிற்றா. தள்ளுவண்டியில் போகும்போது, "ஊர்ல இருக்கிற வலையில எல்லாம் ஓட்டை இருக்கான்னு நான் பாத்தேன், இப்ப என் வயித்துல ஓட்டை போட்டு எல்லாரும் பாக்கறாங்க," என்றான் பூபதி. வண்டி தள்ளினவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும். அவன் அவளுக்காகத்தான் சொன்னான், வண்டிக்காரருக்காக இல்லை. கதவு சாத்தும்போது அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான், சிரிக்கிறாளா என்று பார்த்தான், அவள் முகத்தை வைத்திருந்த விதம் அதுதான் அவன் கடைசியாக... கடைசி இல்லை. கடைசி என்று நினைக்கக் கூடாது, காலையில் பார்த்தது என்று வைத்துக்கொள். கல்லீரலை விளக்குக்கு எதிரில் விரித்துப் பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விட்டிருக்கிறது என்று ஒருவர் சொல்கிறார். மூடிடலாம் என்று இன்னொருவர். இல்லை, அப்படி இல்லை, முதலிலிருந்து. உள்ளே கேமரா போகிறது. கல்லீரல் முரடாகத்தான் இருக்கிறது, ஆனால் பரவாயில்லை. கத்தியை எடு. இதையும் ஒரு ஜெபம் போல, ஒரு இடத்தில் வழுக்கி விழ, மறுபடி தூக்கி நிறுத்தி, மறுபடி. மூடினால் என்ன, மூடின வயிற்றோடு ஊருக்குப் போவோம், அவன் தனுவோடு இருப்பான், எவ்வளவு நாள், எவ்வளவு நாளோ. தனுவுக்கு அப்பா முகம் நினைவிருக்கிற அளவு நாள். மூன்றரை வயதில் நடந்தது எனக்கு ஏதாவது நினைவிருக்கிறதா? பிருந்தா தேடிப் பார்த்தாள். ஒரு நீலத் தொட்டில், ஒரு நாய், யாரோ மழையில் குடையை விட்டுவிட்டார்கள். முகம் எதுவும் இல்லை. ஒரு முகம்கூட இல்லை. உறைக்குள் கயிற்றின் முனைகள் விலகியிருந்தன.

கரகர.

"பூபதி அட்டெண்டர். பூபதி அட்டெண்டர் ஓ.டி. வாசலுக்கு வரவும்."

எழுந்தாள். உறை மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, குனிந்து எடுத்தாள், எடுக்கும்போதுதான் உறைத்தது. இது சீக்கிரமா, லேட்டா? தெரியவில்லை. தலையைத் திருப்பினால் போதும், கடிகாரம் அங்கேதான் இருக்கிறது, ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நாள் முழுக்க நேரத்தை ஏமாற்றியதாக நினைத்தவளை நேரம் இப்போது பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டது. காற்றில் சாம்பார் இருக்கிறதா, வடை இருக்கிறதா, பினாயில்தான் இருந்தது. ஜன்னல் வெயில் எங்கே, மேகம். திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. கதவு வரைக்கும் இருக்கிற கொஞ்ச தூரத்துக்காவது சீக்கிரம், லேட் இரண்டும் இருக்கட்டும். வகுப்பிலிருந்து வரிசையாகச் சர்ச்சுக்குப் போகும்போது சொல்லிக்கொடுத்த மாதிரி ஆள்காட்டி விரல் தானாக உதட்டுக்குப் போனது. அப்படியே நடந்தாள்.

கதவு பாதி திறந்தது. அதே சின்ன டாக்டர், முகமூடி கழுத்தில் தொங்கியது, கன்னத்தில் அதன் பட்டை அழுத்தின தடம். கையில் ஒரு ஸ்டீல் தட்டு, மேலே பச்சைத் துணி.

"பூபதிக்கு நீங்கதானே? வேற ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

"நான்தான் இருக்கேன்."

"பயப்படாம பாப்பீங்களா? சொந்தக்காரங்ககிட்ட காட்டிட்டுத்தான் அனுப்பணும்." துணியை விலக்கினார். சிஸ்டர் ஜெசிந்தாவின் வேப்பிலை இல்லை. சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு சதைக் குவியல், ஓரத்தில் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு. இடுக்கியால் தொட்டுக் காட்டினார். "இது கணையத்தோட தலை. இது குடலோட ஆரம்பம். நடுவுல வெள்ளையா, கெட்டியா இருக்கு பாருங்க, அதான்." அவள் பார்த்தாள். எவ்வளவு சின்னது. நெல்லிக்காய்கூட இல்லை. இதுவா. பிறகுதான் மெதுவாக, அடிக்கிணற்றிலிருந்து வாளி ஏறுகிற மாதிரி, ஒன்று ஏறி வந்தது. வெளியே இருக்கிறது. தட்டில் இருக்கிறது.

"அப்ப... மூடலீங்களா?"

"மூடலை. எடுத்தாச்சு. இனிமே குடலையும் மிச்சத்தையும் சேத்துத் தைக்கணும், அதுக்கு இன்னும் நேரம் ஆகும்."

"லிவர்?"

இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "முரடாத்தான் இருக்கு. தாங்கும்னு சீஃப் நினைக்கிறாரு. நினைக்கிறாருன்னுதான் சொல்றேன். அடுத்த சில நாள்தான் சொல்லும்." பிறகு குரலை மாற்றி, பழகின வேலையைச் சொல்கிற வேகத்தில், "இதை டப்பாவுல போட்டுத் தர்றேன், நீங்கதான் லேப்ல கொண்டு குடுக்கணும். பழைய பில்டிங், கீழ்த்தளம். சாய்க்காதீங்க, உள்ள மருந்துத் தண்ணி இருக்கு."

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மேலே பூபதியின் பெயர் ஒட்டி, மெடிக்கல் கடைப் பையில் போட்டு. இரண்டு கையாலும் ஏந்தி நடந்தாள். பள்ளிக்கூட லேபில் தவளை மிதந்த பாட்டிலின் நெடி மூடியின் ஓரத்தில் கசிந்தது. கூடத்தைக் கடக்கும்போது பொள்ளாச்சியம்மாள் தன் துணிப்பையை எடுக்க வந்திருந்தார். "கூப்புட்டாங்களா கண்ணு? நாஞ் சொல்லல? சோறு வாங்கியாந்துட்டயா, பரவால்ல, நீயாச்சும் ஒரு வாய் தின்னு. குடு, நாம் புடிச்சுக்கறன்." கையை நீட்டினார்.

"வேண்டாங்க. இது அவரோடது."

"அவருக்கு அதுக்குள்ள சோறு குடுக்கச் சொல்லிட்டாங்களா! பெரிய டாக்டருதான் போ."

சிரிப்பு வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, காலையில் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் சிரிக்காமல் விட்ட சிரிப்பு, இப்போது வந்தது. டப்பா ஆடிவிடும் என்று உடம்பைக் கல்லாக்கிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை. பொள்ளாச்சியம்மாள் ஒன்றும் புரியாமல் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். மூக்கையும்.

கீழே இறங்குகிற சரிவில் பைக்குள் கைபேசி அடித்தது. டப்பாவைக் கீழே வைக்க மனசில்லை. இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், தனுவை வைத்துக்கொண்டு குழம்பு கிளறுகிற இடுப்பு, அதற்குப் பழக்கம் இருந்தது.

"கண்ணு, என்ன சொல்றாங்க?"

"எடுத்துட்டாங்க அத்தை. மூடல. கட்டியை எடுத்துட்டாங்க. லிவர் தாங்குதான்னு இன்னும் சில நாள் பாக்கணுமாம்."

அந்தப் பக்கம் பின்னால் தனு யாருடைய கண்ணையோ விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் போல, "அசையாத, அசையாத" என்று அதட்டுகிற சத்தம்.

"அத்தை." தொண்டையில் அந்த இடம். "காலையில பொய் சொல்லிட்டேன். கயிறை அவுக்கல. அறுத்துத்தான் எடுத்தாங்க."

"தெரியும் கண்ணு."

"எப்படி?"

"நாம் போட்ட முடிச்சு. அது அவுக்க வராது." பிறகு அத்தையின் குரல், அடுப்பில் எதையோ இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிற குரல். "நீயும் அவனும் எங்கிட்டச் சொல்லாததெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காத. வரட்டும். புது நூல் திரிச்சு வெச்சுருக்கறன். நீ சோறு தின்னயா?"

எது தெரியும், கயிறு மட்டுமா, இல்லை எல்லாமேவா? "இன்னும் இல்ல அத்தை," என்றாள். "தின்னு மொதல்ல," என்று சொல்லிவிட்டு அத்தை வைத்துவிட்டார். சரிவு இறங்கி, பழைய கட்டடம் என்று அம்புக்குறி போட்ட பக்கம் திரும்பினாள். எதிரில் ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது, பார்த்தாள், என்ன மணி என்று மனதில் பதியவில்லை. மேலே இன்னும் தைத்துக்கொண்டிருப்பார்கள், ஆகட்டும், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். சாய்க்காமல், ஒவ்வொரு அடியாக நடந்தாள். இடுப்பில் பட்ட பக்கம் டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. அவன் உடம்பின் சூடு, இன்னும் ஆறவில்லை.